தாங்கும் பெட்டி: எஞ்சின் சக்தியைக் கூட்டுவோர்க்கு ஒரு பாடம்

கிணற்றுப் பாசனம் செய்யும் நம் அன்பர்கள் நன்கறிந்த செய்தி ஒன்றிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம். ஒருவர் ஐந்து குதிரைச் சக்தி எஞ்சினை அகற்றிவிட்டு எட்டுக் குதிரைச் சக்தி எஞ்சினை வைக்கிறார். அதற்கேற்பப் பம்பையும் பெரிதாக்குகிறார். ஆனால் பெல்ட்டை மட்டும் பழையதாகவே விட்டுவிடுகிறார். முதல் நாள் தண்ணீர் பீறிட்டு வருகிறது. மூன்றாம் நாள் பெல்ட் வழுக்குகிறது. அதன்மேல் குங்கிலியப் பொடி தூவுகிறார்கள். பத்தாம் நாள் கருகிய வாடையுடன் பெல்ட் அறுந்து விழுகிறது. உடனே “கடைக்காரன் மட்டமான பெல்ட்டைக் கொடுத்துவிட்டான்” என்று குறை கூறுகிறோம். பெல்ட் என்ன செய்யும்? ஐந்து குதிரைச் சக்திக்கென வாங்கியது ஐந்தை இழுத்தது. எட்டை இழுக்க அதனிடம் யாரும் கேட்கவுமில்லை, அதற்கு வேண்டிய இறுக்கத்தைத் தரவுமில்லை.

எஞ்சினுக்கும் வேலை செய்யும் உறுப்புக்கும் நடுவே நிற்கும் பொருளின் கதி எங்கும் இதுவே. இதை விரிவாகக் கற்பதற்கு உகந்த எடுத்துக்காட்டு அமெரிக்க விவசாயிகளின் பிக்கப் வண்டியாகும். அங்கே தீவனக் கட்டுகளையும் கால்நடைகளையும் டிரெய்லரில் ஏற்றி இழுப்பதற்குப் பெரிய லாரியை நாடாமல், திறந்த பின்புறமுள்ள இவ்வண்டிகளையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். டாட்ஜ் என்னும் பெயருடைய வண்டியில் 1989-ஆம் ஆண்டு மாதிரி முதல் கம்மின்ஸ் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. இவ்வெஞ்சின் நமக்கு அந்நியமானதன்று. 1993-இல் தோன்றிய டாட்டா கம்மின்ஸ் நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே வரிசை எஞ்சின்களைச் செய்து டாட்டா லாரிகளுக்கு வழங்கியது. நம் சாலைகளில் நெல்லும் நூற்பொதியும் சுமந்த எத்தனையோ லாரிகளில் ஓடியது இதன் உடன்பிறப்பே. வேற்றுமை யாதெனின், நம் லாரியில் டிரைவர் காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றினார். அமெரிக்க விவசாயிகளிற் பலர் தானே கியர் மாற்றும் தானியங்கிப் பெட்டியை விரும்பினர். கிளட்ச் வழுக்கினால் நம் டிரைவருக்குக் காலிலேயே தெரிந்துவிடும். தானியங்கிப் பெட்டியில் அந்தச் செய்தி எவர் காலுக்கும் வருவதில்லை. இப்பாடத்தின் கரு அங்கேதான் உள்ளது.

தொழிற்சாலையே சொன்ன சேதி

1989-இல் அந்த எஞ்சினின் திறன் 160 குதிரைச் சக்தி. முறுக்குவிசை ஏறத்தாழ 540 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசை என்பது தண்டைத் திருகும் வலிமை. ராட்டினத்தின் கைப்பிடியை எவ்வளவு அழுத்தித் திருப்புகிறோம் என்பது முறுக்குவிசை. அவ்வழுத்தத்துடன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது குதிரைச் சக்தி. கியர்ப்பெட்டியை உடைப்பது பெரும்பாலும் குதிரைச் சக்தியன்று, முறுக்குவிசையே. பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழன்று திறனைத் தரும்; டீசல் எஞ்சினோ 2,000 சுழற்சிக்குக் கீழேயே தன் முழு வலிமையையும் தண்டின்மீது ஏற்றிவிடும். ஆகவே இரண்டும் ஒரே குதிரைச் சக்தி உடையனவாயினும் கியர்ப்பெட்டிக்கு இரண்டும் ஒன்றல்ல.

டாட்ஜ் வண்டியில் இந்த டீசலின் பின்னே வைக்கப்பட்ட பெட்டியின் மூதாதை, கிரைஸ்லர் நிறுவனத்தார் 1962-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கெனச் செய்த 727 என்னும் மூன்று கியர்ப் பெட்டி. பெட்ரோல் கார்களுக்காகப் பிறந்த அது மிக நல்ல பெட்டி என்பதில் ஐயமில்லை. அதனுடன் நான்காவதாக ஒரு கியர் சேர்த்து, உறுப்புகளை வலுவாக்கி, 1994 முதல் 47 என்ற எண்ணுடனும், 2003 முதல் 48 என்ற எண்ணுடனும் வழங்கினர்.

இங்கே ஒரு கணக்கை அன்பர்கள் கருத்துடன் காண வேண்டும். 1996-இல் கைகியர் வண்டியில் இவ்வெஞ்சின் 215 குதிரைச் சக்தியும் ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதே எஞ்சின், அதே ஆண்டு, தானியங்கிப் பெட்டியுடன் விற்கப்பட்டபோது 180 குதிரைச் சக்தியும் 570 நியூட்டன் மீட்டருமே தந்தது. 2001-இலும் இவ்வாறே: ஆறு கைகியர் உள்ள வண்டிக்கு 685, தானியங்கிக்கு ஏறத்தாழ 625. பெட்டி தாங்கும் அளவறிந்து எஞ்சினைத் தொழிற்சாலையே அடக்கி வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. விளம்பரத்தில் இச்செய்தி பெரிய எழுத்தில் வராது. விவர அட்டவணையைப் படிப்பவர்க்கே புலப்படும்.

இனி, விவசாயி ஏன் எஞ்சின் சக்தியைக் கூட்ட விரும்புகிறார் என்பதையும் நியாயமாகக் கூற வேண்டும். கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப் பாதையை அடையும்போது உயரம் 3,400 மீட்டர். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்பது டன் எடை என்போம். நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, காற்றின் தடையைச் சேர்க்காமலே சக்கரத்தில் 140 குதிரைச் சக்தி வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏற விரும்பினால் 210 வேண்டும். 160 குதிரைச் சக்தி உள்ளவர் பின்னால் வரும் வண்டிகளின் ஒலிப்பானைக் கேட்டுக்கொண்டே ஊர்ந்து செல்ல வேண்டியதுதான். எனவே அவர் ஆசைப்படுவதில் வியப்பில்லை.

அந்த ஆசையை நிறைவேற்றுவது இவ்வெஞ்சினில் வியக்கத்தக்க அளவுக்கு எளிதாயிற்று. 1994 முதல் 1998 வரை வந்த வண்டிகளில் பாஷ் பி-7100 என்னும் எரிபொருள் பம்பு இருந்தது. அதனுள் எரிபொருளின் உச்ச அளவை வரையறுக்கும் சிறு தகடு ஒன்றுண்டு. அதைச் சற்று நகர்த்தினாலோ, வேறு வடிவத் தகடு வைத்தாலோ டீசல் கூடுதலாகப் பாயும். மின்னணு எஞ்சின்கள் வந்த பிறகு திருகாணி முடுக்கியும் தேவையில்லை; ஒரு சிறு பெட்டியைக் கம்பியில் இணைத்தாற் போதும். பெரிய இன்செக்டர், பெரிய டர்போ என்று மேலும் ஏறுவோரும் உளர். எஞ்சின் இரும்பால் வார்த்த உறுதியான பொருள், தாங்கிக்கொள்கிறது. கூட்டியதற்கு ஆன செலவு சில நூறு டாலர். அடுத்த சில மாதங்களில் கியர்ப்பெட்டியைப் புதுப்பிக்கப் பல ஆயிரம் டாலர்.

பெட்டிக்குள் நடப்பது

தானியங்கிப் பெட்டியின் வாயிலில் டார்க் கன்வெர்ட்டர் என்னும் பெரிய உருண்டை உள்ளது. அதனுள் எண்ணெய் நிறைந்திருக்கும். எஞ்சினுடன் சேர்ந்த சிறகுச் சக்கரம் எண்ணெயை வீச, எதிரேயுள்ள சிறகுச் சக்கரம் அவ்வேகத்தை ஏற்றுச் சுழலும். ஒரு மின்விசிறியின் காற்றால் எதிரிலுள்ள மற்றொரு விசிறி சுழல்வதைப் போல. நடுவேயுள்ள மூன்றாம் சக்கரம் திரும்பி வரும் எண்ணெயை நல்ல திசையில் மடக்கி அனுப்புவதால், வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்கு வரை பெருகும். முதல் கியர் அதை இன்னும் 2.45 மடங்கு பெருக்கும். ஆக, எஞ்சின் தந்த 540, பெட்டியைவிட்டு வெளியேறும்போது 2,600-ஐயும் தாண்டிவிடும். எஞ்சினில் நூறு கூட்டினால் பின்தண்டில் ஐந்நூறு கூடுகிறது என்பதை மறத்தலாகாது.

எண்ணெய் மூலம் திறன் செல்லும்போது சிறிது வழுக்கல் இருந்தே தீரும். ஓரளவு வேகம் வந்ததும், கன்வெர்ட்டருக்குள் உள்ள பூட்டுக் கிளட்ச் இரு பக்கத்தையும் ஒன்றாய்ப் பிணைத்து வழுக்கலை நீக்கும். அதற்கப்பால் பெட்டிக்குள், காகித நாரால் ஆன உராய்வுப் பூச்சுடைய தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கிய கிளட்ச்சுகளும், உருளையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளும் உள்ளன. இவற்றை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம் ஒன்றே. பெல்ட்டுக்கு இறுக்கம் எப்படியோ, கிளட்ச்சுக்கு எண்ணெய் அழுத்தம் அப்படி.

அழுத்தம் எப்பொழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. டாட்ஜின் 47 எண் பெட்டியில், ஆக்சிலேட்டருடன் இணைந்த கம்பி ஒன்று பெட்டியின் வால்வுக்குச் செல்கிறது. டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதைக் கொண்டே பெட்டி எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. முழு மிதி என்றால் முழு அழுத்தம். அரை மிதி என்றால் நடுத்தரம்.

இப்பொழுது எஞ்சினின் எரிபொருளைக் கூட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பு முழுதும் மிதித்தால் வந்த வலிமை, இப்பொழுது அரை மிதியிலேயே வந்துவிடுகிறது. அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் கம்பி பெட்டிக்குச் சொல்லும் செய்தி “அரைப்பாரம்” என்பதே. பெட்டி அரைப்பாரத்துக்குரிய பிடியுடன் முழுப்பாரத்தைத் தாங்க முயல்கிறது, தகடுகள் வழுக்குகின்றன. முழுதும் மிதித்தாலோ தொழிற்சாலை அளித்த உச்ச அழுத்தமும் போதாது. முரட்டு ஓட்டத்தால்தான் பெட்டி கெடும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில், மெல்ல மிதித்து நிதானமாக ஏற்றத்தில் இழுக்கும் பொறுமைசாலியின் பெட்டியும் இக்காரணத்தால் கருகியதுண்டு. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவர் என்ற முறையில் நமக்கு இதைப் பார்க்கும்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது: கடன் வாங்கியிருக்கிறது, பேரேட்டில் ஏறவில்லை. பேரேட்டை நம்பி இருப்பைக் கணக்கிடுபவர் என்ன செய்வார்?

வழுக்கலால் வரும் கேடு எத்தகையது என்பதற்கும் ஒரு கணக்கு. 800 நியூட்டன் மீட்டரைத் தாங்கி நிற்கும் கிளட்ச் நிமிடத்துக்கு 200 சுற்று மட்டும் வழுக்குவதாகக் கொள்வோம். டிரைவருக்கு அது தெரியாது. வேகமுள்ளில் சிறு நடுக்கம் இருந்தால் உண்டு. ஆனால் அந்த வழுக்கலில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 16.8 கிலோவாட். ஆயிரம் வாட் மின்னடுப்புகள் பதினாறை ஒரு வாளி எண்ணெய்க்குள் வைத்து எரிப்பதற்கு அது சமம். காகித நார் எவ்வளவு நேரம் பொறுக்கும்? முதலில் பூச்சு பளபளக்கும், பின் கருகும், பின் உதிரும். உதிர்ந்த தூள் எண்ணெயோடு வால்வுகளுக்குள் சென்று அடைக்க, அழுத்தம் இன்னும் குறைய, மற்றக் கிளட்ச்சுகளும் வழுக்கத் தொடங்கும். ஓர் இழை அறுந்ததைக் கவனியாது தறியை ஓட்டினால் அருகிலுள்ள இழைகளையும் சிக்கலில் இழுத்துக்கொள்வது போன்றதே இது.

எதை முதலில் மாற்றுவது

பெட்டியை உறுதிப்படுத்துவோர் பலர் பளபளக்கும் தண்டுகளையும் பெரிய உருக்கு உறுப்புகளையும் முதலில் வாங்கிவிடுகின்றனர். நம் கருத்தில் அது தலைகீழ் வரிசை. முதலில் கன்வெர்ட்டர், அதனுடன் அழுத்தம். பழைய கன்வெர்ட்டரில் பூட்டுக் கிளட்ச் ஒற்றைத் தகடுடையது. எஞ்சின் வலிமை கூடியதும் பெரும்பாலும் இதுவே முதலில் வழுக்கத் தொடங்கும். மூன்று தகடுடைய பூட்டுக் கிளட்ச் இதற்குத் தக்க மாற்று. அத்துடன், நடுச் சிறகுச் சக்கரத்தின் வடிவத்தை மாற்றி, எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் இருக்கும்போதே எண்ணெய் இறுகப் பற்றும்படி செய்த கன்வெர்ட்டரைத் தேர்வது நன்று. எஞ்சினின் முறுக்குவிசை கூடினால் பழைய கன்வெர்ட்டர் அதிகச் சுழற்சியில்தான் பற்றும். அதுவரை நடக்கும் சுழற்சி அத்தனையும் வெப்பம்.

அழுத்தத்தை உயர்த்துவது வால்வுக் கட்டின் வேலை. விற்பன்னரிடம் விட வேண்டியது. ஆக்சிலேட்டர்க் கம்பியைச் சரியான அளவில் வைப்பது மட்டும் எவரும் செய்யக்கூடியது, செலவுமில்லை. அக்கம்பி தளர்ந்தோ கழன்றோ போனால், எஞ்சின் முழுப்பாரம் இழுக்கும்போதும் பெட்டி ‘ஓய்வு’ என்றே எண்ணிக்கொள்ளும். பம்பைக் கழற்றி மாட்டிய பின் இக்கம்பியைச் சரிபார்க்காமல் விட்டதால் கெட்ட பெட்டிகள் மிகப் பல என்பது பட்டறையினர் யாவரும் கூறுவது.

கிளட்ச்சின் தாங்குதிறனைக் கணக்கிடுவது கடினமன்று. உராயும் முகங்களின் எண்ணிக்கைக்கும் அழுத்தத்துக்கும் அது நேர்விகிதத்தில் உள்ளது. ஒரு கிளட்ச்சில் நான்கு தகடு, ஆகவே எட்டு முகம் என்போம். ஒரு தகடு சேர்த்தால் பத்து முகம். தாங்குதிறன் ஒன்றேகால் மடங்கு. அழுத்தத்தை நூற்றுக்கு இருபது உயர்த்தினால் 1.25-ஐ 1.2-ஆல் பெருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு. 540 தாங்கியது 810 தாங்கும். அழுத்தத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கியர் விழும்போது அடி விழுந்தாற்போல் வண்டி குலுங்கும். ரப்பர் வளையங்கள் பிதுங்கும். பிடி தளராத கிளட்ச்சுகளுக்கு நடுவே தண்டு முறியும். பாவை அளவுக்குமேல் இறுக்கினால் துணி நெருக்கமாக வருவதில்லை, இழைதான் அறுகிறது.

இரண்டாம் கியரில் உருளையைப் பிடிக்கும் முன்பட்டையையும் மறக்கலாகாது. அதை இறுக்கும் நெம்புகோலும் சிறு தாங்குகோலும் கூடிய அழுத்தத்தில் வளையவோ உடையவோ செய்யும். கெட்டி எஃகில் கடைந்தெடுத்தவற்றை வைப்பது சிறு செலவே. முன்தண்டையும், எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் பிணைக்கும் மெல்லிய தகட்டையும் கடைசியாக, வலிமை மிக உயர்ந்தவர்கள் மட்டும் மாற்றினால் போதும். கிளட்ச் வழுக்கும்வரை தண்டு முறிவதில்லை. வழுக்கும் கிளட்ச்சே தண்டைக் காத்துக்கொண்டிருக்கிறது. கிளட்ச்சை உறுதியாக்கிய பிறகே தண்டின் முறை வருகிறது.

வெப்பமும் எண்ணெயும்

எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்பது நலம். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. 113 டிகிரியில் ஓடினால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. ஆகவே டிரெய்லர் இழுப்பவர் கூடுதலான எண்ணெய்க் குளிர்விப்பானும் வெப்பமானியும் பொருத்த வேண்டும். வெப்பமானி எங்கே பொருத்தப்படுகிறது என்பதும் முக்கியம். அடித்தட்டில் பொருத்தினால் அது மெல்லத்தான் ஏறும். நிலையான நிலவரத்தைக் காட்டும். கன்வெர்ட்டரைவிட்டு வெளியேறும் குழாயில் பொருத்தினால் ஏற்றத்தில் சில நொடிக்குள் முள் எகிறும். அப்பொழுதே காலை எடுக்கலாம். இரண்டும் வைக்க முடிந்தவர் வைக்கட்டும். ஒன்றுதான் என்றால், நாம் குழாயையே பரிந்துரைப்போம்.

இப்பெட்டியில் ஒரு தனி வழக்கம் உண்டு. கைப்பிடியை ‘நிறுத்தம்’ என்னும் பார்க் நிலையில் வைத்தால், எஞ்சின் ஓடினாலும் குளிர்விப்பானுக்கு எண்ணெய் செல்வதில்லை. மலையேறிச் சுடச்சுட வந்தவர், சற்று ஆறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு பார்க் நிலையில் வைத்துத் தேநீர் அருந்தப் போனால், கன்வெர்ட்டரில் தேங்கிய சூடான எண்ணெய் அங்கேயே வேகும். நியூட்ரல் நிலையில் வைத்து, கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்கு அடைகல் வைத்து, அருகிலேயே நின்று ஆறவிட வேண்டும். எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் நியூட்ரலில், எஞ்சின் மெல்ல ஓடும்போது, சூடான நிலையில்தான்.

ஏற்றத்தில் நான்காம் கியரை விசையால் அணைத்துவிட்டு மூன்றாம் கியரில், பூட்டுக் கிளட்ச் பூட்டிய நிலையில் இழுப்பது சாலச் சிறந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பெட்டி ஓயாமல் தாவிக்கொண்டிருக்க விடுவது, தறியை நிமிடத்துக்கொருமுறை நிறுத்தி ஓட்டுவதை ஒக்கும். பூட்டுக் கிளட்ச் பற்றும் அந்தக் கணத்தில் காலைச் சற்றுத் தளர்த்துவோரின் பெட்டி, அழுத்தியே வைத்திருப்போரின் பெட்டியைவிடப் பல்லாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக உழைக்கும்.

இறக்கம் ஏற்றத்தினும் கவலைக்குரியது. உயிரைப் பற்றியதாகலின் இதைத் தனியே கூறுகிறோம். ஒன்பது டன்னைக் கீழே இறக்கும்போது எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எக்சாஸ்ட் பிரேக் பொருத்துவர். கன்வெர்ட்டர் பூட்டாமல் இருந்தால் அந்தப் பிரேக் பெரும்பாலும் வீணே. எண்ணெய் வழுக்கிக்கொண்டே போகும். பூட்டியிருந்தாலும், டிரைவர் காலை எடுத்துவிட்டபடியால் கம்பி ‘ஓய்வு’ என்று சொல்லிக்கொண்டிருக்க, அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும். பூட்டுக் கிளட்ச் அப்பொழுதும் வழுக்கலாம். எக்சாஸ்ட் பிரேக் வைப்பவர், கால் எடுத்த நிலையிலும் போதிய அழுத்தம் நிற்கும்படி வால்வுக் கட்டைத் திருத்தாமல் மலைச்சாலையில் இறங்கவே கூடாது. சக்கரப் பிரேக்குகள் மட்டும் அவ்வளவு எடையையும் தாங்கினால் அவை காய்ந்து பிடிவிடும்; அதன்பின் டிரைவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பேசிக்கொள்ளும் எஞ்சினும் பெட்டியும்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2001-இல் வேறொரு வழியை மேற்கொண்டனர். 6.6 லிட்டர் டூராமேக்ஸ் டீசலின் பின்னே, லாரிப் பெட்டிகளில் பெயர்பெற்ற அல்லிசன் நிறுவனத்தின் 1000 வரிசைப் பெட்டியை வைத்தனர். எஞ்சின் 300 குதிரைச் சக்தி, ஏறத்தாழ 705 நியூட்டன் மீட்டர். இங்கே கம்பி கிடையாது. எஞ்சினின் கணினியும் பெட்டியின் கணினியும் தம்முள் பேசிக்கொள்கின்றன. “இவ்வளவு முறுக்குவிசை தருகிறேன்” என்று எஞ்சின் சொல்ல, பெட்டி அதற்கேற்ப அழுத்துகிறது. கியர் மாறும் நொடியில் “சற்று அடங்கு” என்று பெட்டி கேட்க, எஞ்சின் எரிபொருளைக் குறைக்கிறது. உள்ளே வரும் சுழற்சியையும் வெளியே போகும் சுழற்சியையும் அளந்து, கணக்கு ஒவ்வாவிட்டால் வழுக்கல் என்றறிந்து, ஒரே கியரில் நின்று, வண்டியை மெல்ல வீடு சேர மட்டும் விடுகிறது.

சக்தியைக் கூட்டிய பலர் இதைப் பெட்டியின் பலவீனம் என்று ஏசினர். நாம் அவ்வாறு கருதவில்லை. தகடு கருகும் முன்னே கணக்கர் எழுந்து நின்று “இருப்பு ஒத்துவரவில்லை” என்று சொல்வது குற்றமா? குற்றம், உணர்கருவிக்குப் பொய்யளவு காட்டி, கூடுதல் டீசலைப் பாய்ச்சி, பெட்டிக்குப் பழைய முறுக்குவிசையையே தெரிவிக்கும் மலிவுப் பெட்டிகளுடையது. கியர் மாற்றத்தில் எரிபொருள் குறைவதை “மந்தம்” என்று கருதி அவ்வேற்பாட்டை நீக்கிவிடுவதும் அப்படியே. எஞ்சினைத் திருத்துபவர் பெட்டியின் கணினியையும் உடன் திருத்தி, தாழ்ந்த சுழற்சியில் முறுக்குவிசை மெல்ல ஏறும்படியும், பூட்டுக் கிளட்ச் பற்றிய பிறகே முழு வலிமை வரும்படியும் அமைத்தால், அதே உறுப்புகள் நெடுநாள் உழைக்கும். மொத்தக் குதிரைச் சக்தியில் ஒன்றும் குறைவதில்லை. அது வரும் நேரம்தான் மாறுகிறது.

அல்லிசன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று நம் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே உள்ளது. தானியங்கிப் பெட்டியுள்ள வண்டிகள் நம் உறுப்பினர் கைக்கு வரும் நாளை எண்ணியே இவ்வளவும் எழுதினோம். வண்டிக்கடன் மனுக்களைப் பார்வையிடுபவர் என்ற முறையில் ஒரு சொல்: பழைய வண்டி வாங்கக் கடன் கேட்பவர், அவ்வண்டியின் எஞ்சின் மாற்றியமைக்கப்பட்டதா என்பதை முதலில் அறிய வேண்டும். பதிவுச் சான்றில் கண்டதினின்றும் உற்பத்தியாளரின் அமைப்பினின்றும் மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அமெரிக்காவிலும் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றமே. சட்டத்துக்குட்பட்ட திருத்தமாயினும், மதிப்பீட்டில் எஞ்சின் செலவை எழுதிப் பெட்டியின் செலவை எழுதாத மனுவை நாம் நிறைவான மதிப்பீடாகக் கொள்ளமாட்டோம்.

வாங்குமுன் எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். நல்ல எண்ணெய் சிவந்து தெளிந்திருக்கும். கருகியது பழுப்பேறி, தீய்ந்த வாடை வீசும். விரலில் தேய்த்தால் கரித்தூள் நெருடினால் அவ்வண்டியை விட்டுவிடுவதே மேல். பிரேக்கை அழுத்தி எஞ்சினை முழு வேகத்தில் உறுமவிட்டுச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சக்தி கூட்டிய டீசலில் ஐந்து நொடிக்குமேல் அவ்வாறு செய்தால் நல்ல பெட்டியும் கெடும். விற்பவர் தடுத்தால் அவர் கூறுவது நியாயமே.

பயிற்சிக்காக ஒரு கணக்கு. ஓர் எஞ்சின் 600 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதன் கிளட்ச்சில் ஆறு தகடு. தாங்குதிறன் சரிக்குச் சரி. எஞ்சினை 750-க்கு உயர்த்துகிறார்கள். அழுத்தத்தை மாற்றாமல் எத்தனை தகடு வேண்டும்? ஏழு தகட்டுக்கே இடமிருந்தால் அழுத்தத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும்? முதல் வினாவுக்கு ஏழரை என்று வரும். அரைத் தகடு இல்லையாகலின் எட்டு. இரண்டாவதற்கு விடை நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு.